1,500 புள்ளி, 96 அறை, 65,535 உரு: எழுத்து போய் முட்டும் சுவர்கள் தெரியுமா?

கல்லில் செதுக்குகிறவருக்குப் பாறை தீர்ந்துபோகும். அச்சுக்கோப்பவருக்குத் தாள் தீர்ந்துபோகும். கணினியில் எழுத்துரு வரைகிறவருக்கு என்ன தீர்ந்துபோகும் தெரியுமா? எண்! "இதற்கு மேல் எண்ணத் தெரியாது" என்று மென்பொருள் கையை விரித்துவிடும். மாமல்லபுரத்துப் பல்லவர் எழுத்தைச் சுழி, வளைவு, உளிச் சிதறல் எதுவும் மாறாமல் அப்படியே ஃபான்ட் ஆக்க ஒருவர் உட்கார்ந்தால் எத்தனை இடத்தில் முட்டிக்கொள்வார்? எப்படியெல்லாம் நழுவித் தப்புவார்? மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள், ஓடிவிடுவோம்!

1. ஒரே செய்யுள், இரண்டு எழுத்து!

சாளுவன்குப்பத்துப் புலிக்குகையைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களில் பலர் அதே வளாகத்தில் உள்ள அதிரணசண்ட மண்டபத்தை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. உள்ளே என்ன இருக்கிறது தெரியுமா? ஒரு சுவரில் சமஸ்கிருதச் செய்யுள்கள் பல்லவ கிரந்த எழுத்தில் இருக்கின்றன. இன்னொரு சுவரில் அதே செய்யுள்கள் நாகரி எழுத்தில்! இன்றைக்கு நாம் ஒரு பத்தியைத் தேர்ந்தெடுத்து ஒரு நொடியில் எழுத்துருவை மாற்றுகிறோமே, அதைச் சுமார் 1,300 ஆண்டுகளுக்கு முன் பல்லவச் சிற்பி உளியால் செய்திருக்கிறார். ஒரே வேறுபாடு, அவருக்கு 'அன்டூ' கிடையாது!

2. முதல் தொகுதியின் முதல் பக்கங்களே மாமல்லபுரம்தான்!

ஹுல்ட்ஸ் பதிப்பித்து 1890-இல் வெளிவந்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதி எந்த ஊரில் தொடங்குகிறது? மாமல்லபுரத்துத் தர்மராஜ ரதத்தில்! அங்கே செதுக்கியிருப்பவை அரசனின் பட்டப்பெயர்கள். கணேச ரதத்திலும் தர்மராஜ மண்டபத்திலும் ஒரே செய்யுள்கள் இரண்டு முறை வெட்டப்பட்டிருப்பதையும் அந்தத் தொகுதியில் காணலாம். எழுத்துரு வரைகிறவருக்கு இது புதையல். ஒரே எழுத்து, வேறு வேறு பாறையில், வேறு வேறு தேய்மானத்தில்! சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது. ஈரத்தாளைக் கல்லில் ஒற்றி மை தட்டி எடுக்கும் மைப்படியை ஸ்கேன் செய்து, "தானே கோடு போடு" என்று கணினியிடம் கொடுத்தால், அது எழுத்தின் வளைவையும் பார்க்கும், கல்லின் ஒவ்வொரு பொரிவையும் பார்க்கும். இரண்டுக்கும் வேறுபாடு அதற்குத் தெரியாது!

3. ட எழுத ஆறு புள்ளி போதும்!

கணினி எழுத்துரு என்பது படம் அல்ல. "இந்தப் புள்ளியிலிருந்து அந்தப் புள்ளிக்கு இப்படி வளைந்து போ" என்ற கட்டளைகளின் வரிசை. ட-வை எடுங்கள். நேராக இறங்கி வலப்பக்கம் திரும்பும் பட்டை. வெளிக்கோட்டில் மொத்தம் ஆறே மூலை! போஸ்ட்ஸ்கிரிப்ட் முறையில் ஒரு முழு வட்டத்துக்குக்கூட நான்கு புள்ளி போதும். ஆனால் அதே ட-வின் விளிம்பில் உளி பட்டுச் சிதறிய சில்லு ஒவ்வொன்றையும் வரைந்தால்? ஆறு என்பது நூறாகும், நூறு ஆயிரமாகும். எழுத்து அதே எழுத்துதான், கோப்பு மட்டும் வீங்கிப்போகும்!

4. 1,500 புள்ளியில் மயங்கிய அச்சுப்பொறி!

1985-இல் ஆப்பிளின் லேசர்ரைட்டர் வந்தது. உள்ளே ஓடியது அடோபியின் போஸ்ட்ஸ்கிரிப்ட். அதன் முதல் நிலையில், ஒரு உருவத்தின் வெளிக்கோட்டுக்கு 1,500 புள்ளிதான் உச்சவரம்பு. தாண்டினால் என்ன ஆகும் தெரியுமா? 'லிமிட்செக்' என்ற ஒரே ஒரு பிழைச்சொல் வரும், தாள் வராது! திரையில் பளபளவென்று தெரிந்த எழுத்து அச்சில் காணாமல் போகும்.

தப்பும் வழி என்ன? எழுத்தை இரண்டாகப் பிரித்துவிட வேண்டியதுதான்! உடம்பு ஒரு எழுத்துருவில், மேல்பூச்சான சிதறல் இன்னொரு எழுத்துருவில். முதலாவதை அடித்து, அதன் தலைமேலேயே இரண்டாவதை அடித்தால் கண்ணுக்கு ஒரே எழுத்து. அச்சுப்பொறிக்கு இரண்டு எளிய எழுத்து. இரண்டும் வரம்புக்குள்!

5. ஸ்தபதியின் 992, கணினியின் 1,000!

இதைக் கேட்டால் நிமிர்ந்து உட்காருவீர்கள். மாமல்லபுரத்தில் 1957-இல் தொடங்கிய அரசு சிற்பப் பள்ளி இன்று கட்டடக்கலை, சிற்பக்கலைக் கல்லூரியாக இருக்கிறது. அங்கே கற்கும் மரபில் உத்தம தசதாலச் சிலையின் உயரம் 124 அங்குலம். இது நம் ஸ்கேல் அங்குலம் அல்ல. சிலையின் உயரத்தையே 124 பங்காக்கி எடுத்த அளவு. சிலை சாண் உயரமானாலும் பனை உயரமானாலும் 124 தான்! ஓர் அங்குலத்துக்கு எட்டு யவம். பெருக்கிப் பாருங்கள்: 992!

இப்போது கணினிக்கு வாருங்கள். போஸ்ட்ஸ்கிரிப்ட் எழுத்துருவில் எழுத்து நிற்கும் சதுரத்தின் உயரத்தை வழக்கமாக 1,000 பங்காகப் பிரிப்பார்கள். எழுத்து பொடியாக வந்தாலும் பேனரில் வந்தாலும் 1,000 தான்! இரண்டு மரபும் ஒன்றை ஒன்று பார்த்ததில்லை. ஆனால் அளவு மாறினாலும் விகிதம் மாறாதிருக்க இரண்டும் கண்ட வழி ஒன்று, எண்ணும் கிட்டத்தட்ட ஒன்று!

6. தலைமுடியை விட மெல்லிய சில்லு யாருக்கு?

அந்த 1,000 பங்குக் கட்டத்தில் புள்ளி வைக்க முடிவது கட்டங்கள் சந்திக்கும் இடத்தில் மட்டுமே. நடுவில் வைத்தால் பக்கத்துச் சந்திக்கு நகர்த்தப்படும். அதனால் நுணுக்கம் கெட்டுவிடுமா? கணக்குப் போடுங்கள். புத்தகத்தில் வரும் 10 பாயின்ட் எழுத்தின் சதுரம் சுமார் 3.5 மில்லிமீட்டர். அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு 0.0035 மில்லிமீட்டர். மனிதத் தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை! கண்ணுக்குத் தெரியாத சில்லுக்குப் புள்ளி செலவழிப்பானேன்? பெரிய தலைப்புக்கு ஒரு எழுத்துரு, பொடி எழுத்துக்கு இன்னொன்று என்று தேர்ந்தவர்கள் தனித்தனியே வரைவது இதனால்தான். அப்படியும் நுண்மை போதாதவர்களுக்கு ட்ரூடைப் வடிவம் 16,384 பங்கு வரை இடம் தருகிறது.

7. கொம்பு ஒன்று, வேலை நூறு!

கெ, கொ, செ, சொ, பெ, பொ... எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பது ஒரே கொம்பு. அதை ஒவ்வோர் எழுத்திலும் புதிதாக வரைய வேண்டுமா? வேண்டியதில்லை! ஒரு முறை வரைந்துவிட்டு, மற்ற இடங்களில் "அந்த உருவைக் கொண்டுவந்து இங்கே நிறுத்து" என்று குறிப்பு மட்டும் எழுதினால் போதும். ஆயிரம் புள்ளி உள்ள கொம்புக்குப் பதிலாகச் சில பைட்களில் வேலை முடிந்தது.

ஆனால் ஒரு ஆபத்து உண்டு. கல்லெழுத்து ஃபான்டில் இரண்டு கொம்புகள் அருகருகே வந்து, இரண்டிலும் ஒரே இடத்தில் ஒரே சில்லு பெயர்ந்திருந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்! எந்தச் சிற்பியின் உளியும் அப்படி இரட்டைப் பிள்ளை பெறாது. அதனால் கொம்பில் இரண்டு மூன்று வகை வரைந்து, சூழலைப் பார்த்து மாறி மாறி வரும்படி எழுத்துருவுக்குள் விதி எழுதிவைப்பார்கள்.

8. 247 பேருக்கு 96 அறை!

தமிழ் எழுத்து 247. பழைய 8-பிட் எழுத்துருவில் மொத்த இடம் 256. "அட, தாராளமாகப் போதுமே!" என்கிறீர்களா? பொறுங்கள். முதல் 128 இடம் ஆங்கிலத்துக்கும் அதன் குறிகளுக்கும் போய்விட்டது. மிச்சமுள்ள 128-இல் 32 இடம் கட்டுப்பாட்டுக் குறிகளுக்கென்று ஒதுக்கியது. அங்கே எழுத்தை வைத்தால் சில கணினிகளில் தகராறு. நிம்மதியாக இருக்க 96 அறைதான்!

எப்படி அடைத்தார்கள்? உயிர் 12, ஆய்தம் 1. அகரமேறிய மெய் 18. புள்ளி வைத்த மெய் 18. கு, சு, டு என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி வளைவதால் உகரத்துக்கு 18, ஊகாரத்துக்கு 18. துணைக்கால், இகர ஈகாரக் குறிகள், இரண்டு கொம்பு, ஐகாரக் கொம்பு என்று ஆறு. டி, டீ தனி இரண்டு. கூட்டினால் 93! மிச்சம் மூன்றே அறை. வெளியே ஜ, ஷ, ஸ, ஹ, க்ஷ, ஸ்ரீ வரிசையில் நிற்கின்றன! ஆளாளுக்கு ஒரு வழி கண்டார்கள். ஒருவர் எழுத்துருவில் அடித்தது இன்னொருவர் கணினியில் கிறுக்கலாகத் தெரிந்தது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில்தான் தமிழுக்கு மட்டுமான 'டாம்', தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த 'டாப்' என்று இரண்டு தரங்களுக்கு வழி பிறந்தது.

9. கழற்றி விட்ட 13 எழுத்து!

கணினிக்கு முன்பே இந்த நெருக்கடி இருந்தது தெரியுமா? ணை, லை, ளை, னை நான்கும் ஒரு காலத்தில் யானைத் தும்பிக்கை போல மேலே சுருண்டு நின்றன. ணா, றா, னா மூன்றும் அவற்றின் ஒகர ஓகார வரிசைகளும் தனி வடிவம் கொண்டிருந்தன. மொத்தம் 13. தந்தை பெரியார் தம் இதழ்களில் 1930-களிலேயே புழங்கிய சீர்திருத்தத்தை, அவருடைய நூற்றாண்டை ஒட்டி 1978 அக்டோபரில் எம்.ஜி.ஆர். அரசு ஆணையாக்கியது. அன்றைக்கு மிச்சமானவை ஈய எழுத்துகள். இருபது ஆண்டு கழித்து மேலே பார்த்த அந்த 96 அறையில் இடம் மிச்சமானதும் அதே கணக்கில்தான். பழைய வடிவங்கள் திரும்பிவந்தால் 93 என்ற எண் எங்கே போய் நிற்கும், எண்ணிப் பாருங்கள்!

10. எழுத்து பெரிதாகிப் போனதால் காகிதப் பஞ்சம்!

மாமல்லபுரத்திலிருந்து கடலோரமாகத் தெற்கே போனால் தரங்கம்பாடி. ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் ஈய எழுத்துகள் 1713-இல் அங்கே வந்து இறங்கின. பெட்டியைத் திறந்தால் எழுத்து மிகப் பெரிது! அந்த அளவில் அச்சடித்தால் இருக்கிற காகிதம் பாதி நூலுக்கே காணாது. அங்கிருந்த மதபோதகர் சீகன்பால்குவின் அச்சகத்தார் என்ன செய்தார்கள்? தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். 1715-இல் புதிய ஏற்பாடு அச்சேறி முடிந்தது. போதாக்குறைக்குப் பொறையாற்றில் காகித ஆலையும் வைத்தார்கள். பிறகு சென்னை அமெரிக்கன் மிஷன் அச்சகத்தில் ஹண்ட் தமிழ் எழுத்தை இன்னும் பொடியாக்கி அழகும் கூட்டினார். வின்சுலோவின் பெரிய தமிழ் அகராதி 1862-இல் ஒரே தொகுதிக்குள் அடங்கியது அப்படித்தான்!

11. செங்கல்பட்டு எத்தனை பைட்?

ஊர்ப் பெயர் ஒன்றுதான், எடை மட்டும் வேறு வேறு! செ-ங்-க-ல்-ப-ட்-டு, கண்ணுக்கு ஏழு எழுத்து. பழைய டிஸ்கி முறையில் கொம்பு தனி என்பதால் 8 பைட். எழுத்துக்கு ஒரு இடம் என்று வகுத்த டேஸ்16 முறையில் 14 பைட். யூனிகோடில் கொம்பு, புள்ளி, உகரக்குறி எல்லாம் தனித்தனியே எண்ணப்படுவதால் 12 குறிகள். இணையத்தில் பரவலாக உள்ள யூடிஎஃப்-8 முறையில் குறிக்கு மூன்று பைட், ஆக 36!

2010 ஜூனில் கோவையில் செம்மொழி மாநாடு நடந்த வேளையில் தமிழ்நாடு அரசு யூனிகோடையும் டேஸ்16-ஐயும் தரமாக ஏற்றது. உலகம் முழுக்கப் பரவியது என்னவோ எடை கூடிய யூனிகோடுதான்!

12. ஐந்து செங்கல்பட்டு உண்டு, ஆறாவது இல்லை!

ஒரு குறுஞ்செய்தியின் கொள்ளளவு 140 பைட். ஆங்கிலத்தில் 160 எழுத்து. தமிழ் யூனிகோடில்? 70 குறிதான்! இடைவெளி விடாமல் 'செங்கல்பட்டு' என்று ஐந்து முறை அடித்தால் 60. ஆறாவது முறைக்கு 72 வேண்டும். இரண்டே இரண்டு இடம் குறைந்து, செய்தி இரண்டாக உடையும்!

13. பாதியாக எழுதி முழுதாகப் படி!

ட்ரூடைப் எழுத்துருவை ஆப்பிள் 1991-இல் வெளியிட்டது. அதற்குள் ஒரு பட்டியல் இருக்கும். எந்த எழுத்து கோப்பின் வரைவுப் பகுதியில் எத்தனையாவது பைட்டில் தொடங்குகிறது என்ற முகவரிப் பட்டியல். ஒவ்வொரு முகவரிக்கும் இரண்டு பைட் ஒதுக்கினால் 65,535 வரைதான் எழுத முடியும். பொறியாளர்கள் செய்த தந்திரத்தைப் பாருங்கள்! முகவரியைப் பாதியாக்கி எழுதிவிட்டார்கள். படிக்கும்போது இரண்டால் பெருக்கிக்கொள்ள வேண்டும். எல்லா எழுத்தும் இரட்டைப்படை இடத்தில் தொடங்கினால் போதும், அதே இரண்டு பைட்டில் 1,31,070 வரை எட்டிவிடலாம்! நுணுக்கமான கல்லெழுத்து ஃபான்ட் அதையும் தாண்டினால் நான்கு பைட் முகவரி உண்டு, பட்டியல் மட்டும் இரட்டிப்பாகும்.

14. 65,535: இந்தச் சுவரை இடிக்க முடியாது!

எழுத்துருவுக்குள் மொத்தம் எத்தனை உரு என்று குறிக்கும் இடமும் அதே இரண்டு பைட். இங்கே பாதியாக்கும் தந்திரம் செல்லாது. 65,535 தான் முடிவு! 2014-இல் அடோபியும் கூகுளும் சேர்ந்து சீன, ஜப்பானிய, கொரிய எழுத்துகளுக்காகச் செய்த சோர்ஸ் ஹான் சான்ஸ் எழுத்துரு சரியாக 65,535 உருக்களோடு நிரம்பி வழிந்தது. யூனிகோடின் 16-ஆம் பதிப்பில் எழுத்துக்குறிகள் 1,54,998. உலகத்து எழுத்தெல்லாம் ஒரே கோப்பில் அடங்கவே முடியாது! அதனால்தான் கூகுளின் நோட்டோ குடும்பத்தில் தமிழுக்கு ஒன்று, கிரந்தத்துக்கு ஒன்று, பழந்தமிழ்க் குறிகளுக்கு ஒன்று என்று தனித்தனிக் கோப்புகள்.

15. எழுத்து குறைவு, ஆனால் விதி நிறைய!

தமிழ் எழுத்துருவுக்கு 65,535 உரு தேவையே இல்லை. ஆனால் கிரந்தத்தில் மெய்கள் ஒன்றன்கீழ் ஒன்று தொங்கிக் கூட்டெழுத்தாகும். "இதுவும் அதுவும் சேர்ந்தால் இந்த உரு" என்ற விதிகள் ஆயிரக்கணக்கில் பெருகலாம். அந்த விதிகளுக்குள் வழிகாட்டும் எண்ணும் பழைய இரண்டு பைட்தான்! 65,535 பைட்டுக்கு அப்பால் இருக்கும் விதியைச் சுட்டிக்காட்ட முடியாமல் எழுத்துரு உருவாகும்போதே பிழை வரும். தப்பும் வழி? விதிகளைச் சிறு சிறு கட்டுகளாகப் பிரிப்பது. அல்லது 'எக்ஸ்டென்ஷன்' என்ற நான்கு பைட் நெடுஞ்சாலையைப் பிடிப்பது.

16. ஐந்து இடத்துக்கு அரசே கடிதம் எழுதியது!

யூனிகோடில் தமிழுக்கு 128 இடம், குடியிருப்பது 72 குறி. கிரந்தத்துக்குத் தனி இடம் கேட்டு முன்மொழிவுகள் போன 2010-இல், தமிழின் எ, ஒ, ழ, ற, ன ஐந்தையும் கிரந்தத்தில் சேர்க்கலாம் என்ற யோசனை கிளம்பியது. கொதித்தது தமிழகம்! மாநில அரசு மத்திய அரசுக்கு எழுதியது. கடைசியில் அந்த ஐந்தும் இல்லாமல் கிரந்தம் 2014-இல் யூனிகோடு 7.0-இல் குடியேறியது. பல்லவ எழுத்தின் வழிவந்த ஜாவாவின் கவி எழுத்து தன் அறைக்கு 2022 வரை காத்திருந்தது!

17. 320-இல் ஒரு பங்குக்கும் ஓர் அறை!

2019-இல் யூனிகோடு 12.0 தமிழுக்கு இன்னொரு தொகுதி திறந்தது. உள்ளே 51 குறிகள். முதல் அறையில் யார் தெரியுமா? முந்திரி! 320-இல் ஒரு பங்கைக் குறிக்கும் பழைய பின்னக்குறி. ஊர்க்கணக்கில் நிலமும் நெல்லும் அளந்த குறிகளை இன்று கணினியிலும் எழுதலாம். அதே ஆண்டு நவம்பரில்தான் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து செங்கல்பட்டு தனி மாவட்டமானது. மாவட்டமும் முந்திரியும் ஒரே ஆண்டில் தனிக்குடித்தனம்!

18. உங்கள் பிடிஎஃப்-இல் ஒரு ரகசியக் குறி!

கடைசியாக, நீங்களே இப்போது சோதித்துப் பார்க்க ஒன்று. கையில் உள்ள தமிழ் பிடிஎஃப் ஒன்றைக் கணினியில் திறந்து, ப்ராப்பர்டீஸில் ஃபான்ட்ஸ் பட்டியலைப் பாருங்கள். எழுத்துருப் பெயருக்கு முன் ஆறு ஆங்கிலப் பெரிய எழுத்துகளும் ஒரு கூட்டல் குறியும் ஒட்டியிருந்தால் என்ன பொருள் தெரியுமா? முழு எழுத்துருவும் உள்ளே வரவில்லை! அந்த ஆவணத்தில் பயன்பட்ட உருக்களை மட்டும் பொறுக்கி எடுத்துக் கட்டியிருக்கிறார்கள். கல்யாணப் பத்திரிகையில் ஔ வரவில்லையா? ஔ-வைச் சுமக்கவும் இல்லை! ஆயிரம் புள்ளியில் இழைத்த கல்லெழுத்து ஃபான்ட் எவ்வளவு கனமாக இருந்தாலும், உங்கள் போனுக்கு வந்து சேருவது தேவையான உருக்கள் மட்டுமே. போய்த் திறந்து பாருங்கள், கூட்டல் குறி இருக்கிறதா?